நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு

கல்யாணமாகி ஹா-செஃபாலி மலைக்கிராமத்துக்கு வந்த அன்றைக்கே மாமியார் ஊர் வழக்கப்படி அவள் பெயரை மாற்றிவிட்டாள். பெற்றவள் வைத்த புலெங் என்ற பெயர் வாசலோடு நின்றுபோயிற்று. இனிமேல் நீ மாபொலோகோ, அதாவது பொலோகோவின் அம்மா என்றார்கள். அந்தப் பொலோகோ பிறப்பதற்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஏனென்றால் கல்யாணமான பதினோராம் நாளே அவள் புருஷன் லெபோனா எல்லை தாண்டித் தங்கச் சுரங்கத்து வேலைக்குப் போய்விட்டார். லெசோத்தோவின் ஆண்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் போனார்கள். போகாதவனுக்குத்தான் காரணம் கேட்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்கு ஒரு தடவை வருவார். புதுக் கம்பளி, சர்க்கரை, சோப்பு, மகளுக்கு ஒரு சட்டை. முதல் இரண்டு நாள் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் மாட்டுப் பட்டியின் கல்சுவரைச் சரிசெய்வார். எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரிய ஆரம்பிக்கும்போது லீவு முடிந்திருக்கும். ஒருமுறை மாபொலோகோ மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் இந்தக் கூரைக்குக் கீழே படுத்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் மூன்று வருஷம் தேறவில்லை.

"அப்ப உனக்குக் கல்யாணமாகி மூணு வருஷந்தாம்மா ஆகுது," என்று பொலோகோ சிரித்தாள். "இன்னும் புதுப் பொண்ணுதான் நீ."

"போடி," என்றாள் மாபொலோகோ. சிரிக்கத்தான் செய்தாள். ஆனாலும் அது எங்கேயோ தைத்தது.

இருபத்தாறாம் வருஷம் லெபோனா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அப்போது எந்தப் பண்டிகையும் இல்லை. பூமிக்கடியில் பாறையைத் துளைத்த தூசு நுரையீரலில் படிந்து இறுகியிருந்தது. அதன் மேல் காசநோய் வேறு இரண்டு முறை வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்தில் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. முதலில் மேடேற முடியவில்லை. பிறகு வாளி தூக்க முடியவில்லை. பிறகு குனிந்து பூட்ஸ் மாட்ட முடியவில்லை. கடைசியில் குளிப்பதற்கே அவள் வர வேண்டியிருந்தது. அவள் முதுகு தேய்க்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பூமிக்குள்ளே அத்தனை ஆழத்தில் இருட்டைப் பார்த்துக் கண் மூடாத மனிதர்.

"தண்ணி சூடு போதுமா, பொலோகோ அப்பா?"

தலையாட்டல்தான் பதில். அவர் இயல்பே அப்படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்த டாக்டர், மாத்திரை போகிற தூரம் போய்விட்டது, இனிப் பயிற்சிதான் என்று கெனெவேயிடம் அனுப்பினார். கெனெவே பிசியோதெரபி செய்கிறவள். நாற்பது வயது. தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்தவள். ஆஸ்பத்திரி என்று பார்க்காமல் உரக்கப் பேசுகிறவள்.

"மூச்சே விட முடியாத மனுஷனுக்கு எக்சர்சைஸா?" என்று மாபொலோகோ கேட்டாள். "உங்களுக்கே நியாயமா இருக்காம்மா?"

"நுரையீரல் திரும்ப வராது. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்," என்றாள் கெனெவே. "ஆனா மூச்சு வாங்குதேன்னு உக்காந்துட்டா கால் சதை கரைஞ்சிரும். கரைஞ்ச காலு நாலடி நடக்கக்கூட ஜாஸ்தி காத்து கேக்கும். நான் காலைச் சரி பண்றேன். இருக்கிற காத்தை வெச்சு அது ஓட்டிக்கும்."

வராந்தாவில் இரண்டு நாற்காலியைப் போட்டு, ஆறு நிமிஷம் அவற்றுக்கு நடுவே நடக்கச் சொன்னாள். லெபோனா மூன்று தடவை நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். நூற்று எழுபது மீட்டர். பிறகு எல்லாருக்கும் கொடுக்கிற காகிதம் ஒன்றைக் கொடுத்தாள். தினமும் இருபது நிமிஷம் வேகமாக நட. படிக்கட்டு ஏறி இறங்கு. தண்ணீர் பாட்டிலைத் தலைக்கு மேலே பத்துத் தடவை தூக்கு.

ஹா-செஃபாலியில் படிக்கட்டு வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. பாய் விரிக்கிற அகலத்துக்குச் சமதரை வேண்டுமானால் தேவாலய முற்றத்துக்குத்தான் போக வேண்டும். மறுநாள் காலை லெபோனா காகிதம் சொன்னபடி கிளம்பினார். ஆலயத்துக்கு ஏறும் பாதையில் முப்பது அடி வைத்ததும் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். உதடு கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மொகேத்தே வந்தார். அதே சுரங்கத்து விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் அவர்.

"என்ன லெபோனா, அங்க தோண்டினது போதாதுன்னு இங்க மண்ணுல உக்காந்து தங்கம் தேடறியா?"

மொகேத்தே கெட்டவர் இல்லை. சுரங்கத்தில் இருந்த ஆண்கள் ஒருவரோடொருவர் பேசுகிற பேச்சே அதுதான். ஆனால் கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். லெபோனா அதற்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. காகிதம் ஜன்னல் விளிம்பில் கிடந்து மஞ்சளானது.

ஜனவரியில் ஒரு நாள் கெனெவே தானே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வண்டி கீழ்ச் சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒரு மணி நேரம் மலையேறி வந்தவள், வாசலில் கிடந்த கல்லில் தொப்பென்று உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அடேயப்பா! உங்க ஊர்ல காத்தையும் அளந்துதான் ஊத்துவாங்களா?"

லெபோனாவின் முகத்தில் மாதக்கணக்கில் இல்லாத ஒன்று வந்தது. "இப்பத் தெரியுதா?" என்றார்.

அவர் விரலில், ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கிற ஒரு சின்னக் கருவியைக் கவ்வ வைத்து முற்றத்தில் நடக்கச் சொன்னாள் கெனெவே. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டிய எண் பன்னிரண்டாவது அடியில் எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. உடனே உட்கார வைத்தாள். ஜன்னலிலிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள்.

"இதுல உங்க மேல ஒரு தப்பும் இல்லை. இந்தக் காகிதத்தை எழுதினவங்க ஊர்ல தரை சப்பையா இருக்கு. உங்க ஊரு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்காம தூக்கிக் குடுத்தது என் தப்பு." காகிதத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள். "சரி, இப்பக் கேக்கறேன். ஒரு நாள்ல எங்க முதல்ல மூச்சு முட்டுது? என்ன செய்யணும்னு ஆசை? எது தடுக்குது?"

லெபோனா முற்றத்தில் கிடந்த வாளியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "குளிக்கணும். நானா."

"அப்புறம்?"

"நடுவுல நின்னா ஆளுங்க பாக்கறாங்க."

கெனெவே இதற்கு என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது மாபொலோகோ வாய் திறந்தாள்.

"குதிரையோட போகட்டுமே. கம்பு ஊனிக்கிட்டு நிக்கிறவனைத்தான் நோயாளின்னு பாப்பாங்க. குதிரை புல்லு மேயுதுன்னு நிக்கிறவனை யாரு என்ன கேக்கப் போறா?"

வீட்டில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. குட்டியாக இருந்தபோது துள்ளிய துள்ளலைப் பார்த்து அதற்கு ஆகாய விமானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது பத்தடிக்கு ஒரு தரம் நிற்கும். கெனெவே சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறின. ஆனால் எழுதினாள்.

மேட்டுப் பாதை வேண்டாம், மலையின் இடுப்பைச் சுற்றிப் போகிற மாட்டுப் பாதையில் நட. ஒரு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் நிற்றல். முதல் வாரம் ஆறு தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டு. தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் குதிரைக்கு முதுகு தேய். கையை உயர்த்தும்போது, சூடான கஞ்சியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மூச்சை விடு. பட்டிச்சுவரில் உட்கார்ந்து எட்டுத் தடவை எழுந்திரு. சளி நிறம் மாறினால் எதுவும் வேண்டாம், ஆள் அனுப்பு. வறட்டி அடுப்பை வீட்டுக்கு வெளியே கொண்டுபோ.

"அந்தக் கருவியைக் குடுத்துட்டுப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்கே ஒண்ணுதான் இருக்கு," என்றாள் கெனெவே. "அதனால பேச்சை வெச்சுத்தான் அளக்கணும். நடக்கும்போது நாலு வார்த்தை சேர்ந்தாப்புல சொல்ல முடியணும். ரெண்டுலயே அறுந்தா வேகம் ஜாஸ்தி. பாட்டே பாட முடிஞ்சா சோம்பேறித்தனம் பண்றாருன்னு அர்த்தம். அம்மா, நீங்க கூடவே நடந்து பேச்சுக் குடுங்க."

"பேசறதா? இவரா?" மாபொலோகோ வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுக்கு மலையேறிறலாம்."

முதல் நாள் அவருக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். இரண்டாம் வாரம் மாடுகளின் பெயர்களைச் சொன்னார், செத்துப்போனவை உட்பட. அதுவும் தீர்ந்தபோது தன் குலத்தின் புகழ்ப்பாட்டை நாலு நாலு வார்த்தையாக வெட்டிச் சொன்னார். ஒரு நாள் மொகேத்தே எதிரே வந்தார். கடிவாளத்தைப் பிடித்து நின்றிருந்த லெபோனாவைப் பார்த்து, "உன் விமானம் பெட்ரோல் போடுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். லெபோனா சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். அந்தக் கேலியில் நோயாளியைப் பற்றி எதுவும் இல்லை.

ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, நடுவழியில் அவர் திடீரென்று, "புலெங்," என்றார்.

அவளுக்கு முதலில் யாரைக் கூப்பிடுகிறார் என்றே விளங்கவில்லை.

"உன்னைத்தான். உங்க அம்மா வெச்ச பேரு. நல்லாத்தானே இருக்கு அது?"

அவள் தோளில் போர்த்திய கம்பளியைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊசியைச் சரிசெய்துகொண்டாள். ஐம்பத்திரண்டு வயதில் வெட்கம் வந்தால் எங்கே வைத்துக்கொள்வது? அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. பூமிக்கடியில் கல் எவ்வளவு சூடாக இருக்கும் என்று சொன்னார். பாறை சரிந்து மூன்று பேர் போன நாள், தண்ணீர் குடிக்க ஒதுங்கியதால் தான் பிழைத்ததைச் சொன்னார். அவள் விடிகிற நேரத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். இதைத்தான் மற்றப் பெண்கள் கல்யாணம் என்று சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் வாரம், சோளம் முற்றியிருந்த சமயம், மாட்டுப் பாதை ஓடையை நோக்கி வளைகிற இடத்தில் அவர் சொன்னார்:

"நான் ஒண்ணு உங்கிட்டச் சொல்லணும்."

"சொல்லுங்க."

"அங்க ஒருத்தி எனக்கு இருந்தா." இரண்டு எட்டு நடந்தார். "ஆக்னெஸ்னு பேரு அந்தப் பொண்ணுக்கு."

குதிரையின் குளம்பு கல்லில் பட்டது. மாபொலோகோ நடப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை வருஷம்?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும் அது." மூச்சை ஊதிவிட்டார். "முதல் காசநோய்ல அவதான் பாத்துக்கிட்டா. நான் சொல்லாமலே வந்துட்டேன் புலெங். அவ சந்தைக்குப் போயிருந்தா அப்ப. துணியை மடிச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். உசிரோட இருக்கேனான்னுகூடத் தெரியாது அவளுக்கு."

அந்த நேரத்திலும் அவள் காது தன் பழக்கத்தை விடவில்லை. நாலு நாலு வார்த்தையாக, எங்கும் அறுபடாமல் வந்துகொண்டிருந்தது. மூச்சு சரியாக இருக்கிறது, வேகம் சரியாக இருக்கிறது என்று மனசுக்குள் யாரோ சொன்னார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. இந்த ஒன்பது வாரமாக ஒவ்வொரு எட்டாக அவள் சேர்த்துக் கொடுத்த மூச்சில் இதைச் சொல்கிறார்.

கடிவாளத்தைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். திருப்பத்தில் ஒரு தரம் பார்த்தாள். அவர் பாதையில் உட்கார்ந்திருந்தார். குதிரை அவருக்குப் பக்கத்தில் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் போகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார். வாசல் மேட்டைக் குதிரையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் மக்காச்சோளக் களியையும் கீரையையும் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஒன்பது நாள் போயின. ஐந்தாம் நாள் அவர் தனியாகக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பியவருக்குச் சட்டைப் பொத்தானை அவிழ்க்கக்கூடக் கை எழவில்லை. பேச்சுக் கொடுக்க ஆளில்லாமல் அளவு தெரியாமல் போயிருந்தது.

பத்தாம் நாள் காலை, வறட்டி எடுக்கப் பட்டிக்குப் போனவள், அவர் கல்சுவரில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். முன்பு எட்டு முடித்துப் பன்னிரண்டுக்குப் போயிருந்தவர். இப்போது நாலாவதில் கால் நடுங்கித் தொப்பென்று உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

மாபொலோகோ வறட்டிக் கூடையை வைத்துவிட்டுப் போய்க் குதிரையை அவிழ்த்தாள்.

"வாங்க."

முதல் நிமிஷம் அமைதியாகவே போயிற்று. நின்றார்கள். நடந்தார்கள். அடுத்த நிமிஷமும் அப்படியே.

"பேசுங்க," என்றாள் அவள், முன்னால் பார்த்தபடி. "பேசலேன்னா அளவு தெரியாது."

"என்ன பேச?"

"அவளைப் பத்தியே பேசுங்க."

அவர் பேசினார். ஆக்னெஸ் விடுதி வாசலில் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை விற்றவள். எதையும் நேராகச் சொல்லிவிடுகிறவள். காய்ச்சலில் அவர் பிதற்றியபோது மாபொலோகோ, மாபொலோகோ என்று கூப்பிட்டாராம். இங்கே இருக்கிறேன் என்று ஆக்னெஸே பதில் சொன்னாளாம். அதைக் கேட்டபோது மாபொலோகோவுக்குக் கோபம் வரும் இடம் எது, வேறு ஏதோ வரும் இடம் எது என்று தெரியவில்லை.

மறுநாள் அவள் பேசினாள். பொலோகோவுக்குப் பிறகு ஒரு பையன் பிறந்து நாலு மாதத்தில் ஒரு பனிக்காலத்தில் போனான். அடக்கம் முடிந்து இரண்டு வாரத்துக்குப் பிறகுதான் லெபோனாவுக்குக் கடிதமே கிடைத்தது. குழந்தை போய்விட்டது என்று மட்டும் அதில் எழுதச் சொல்லியிருந்தாள். எப்படிப் போயிற்று என்று அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. இப்போது சொன்னாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது என்று, ஆஸ்பத்திரிக்குப் போகப் பிள்ளையை முதுகில் கம்பளியால் கட்டிக்கொண்டு கீழ்ச் சாலைக்கு இறங்கினேன் என்று, பாதி வழியில் முதுகில் கனம் மாறியது தெரிந்தது என்று. "ஆனா நான் நிக்கலை. நின்னா அது நெசமாயிரும்னு கீழ வரைக்கும் நடந்தேன்."

லெபோனா நின்றுவிட்டார். நிற்க வேண்டிய நிமிஷம் அது இல்லை. மூச்சுக்காகவும் இல்லை. குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் மறுபடி அளந்தார்கள். இருநூற்று நாற்பத்திரண்டு மீட்டர். ஒரே ஒரு தரம்தான் நின்றார். கெனெவே கைதட்டியதில் அடுத்த வார்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரம் லெபோனா கதவைச் சாத்திக்கொண்டு, மணைக்கட்டையில் உட்கார்ந்து தானாகவே குளித்தார். மாபொலோகோ துண்டோடு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அங்கே குளிர்காலம் ஜூனில்தான் தொடங்கும். அந்த வருஷம் பனி சீக்கிரமாக வந்தது. ஒரு காலை அவர் துப்பிய சளி பச்சையாக இருந்தது. காகிதத்தில் எழுதியிருந்தபடி அன்றே ஆள் அனுப்பினாள். ஆனால் பாதையை இடுப்பளவு பனி மூடியிருந்ததால் கீழே போனவனால் மறுநாள்தான் சாலையைத் தொட முடிந்தது. நாலாம் நாள் ஆறு பேர், கழிகளில் கட்டிய கம்பளியில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். முன்பக்கக் கழியைப் பிடித்தவர் மொகேத்தே. வழி முழுக்க அவர் கேலி எதுவும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் எட்டு நாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். கெனெவே தினமும் வந்தாள். நடக்க வைக்க இனி ஒன்றும் இல்லை. முன்னால் மேஜை போட்டு, அதில் தலையணைகளை அடுக்கி, மூச்சு கொஞ்சம் லேசாகிற விதத்தில் அவரைக் குனிந்து சாய வைக்க மாபொலோகோவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "இதுதான் இப்ப அவருக்குத் தோதான பயிற்சி," என்றாள். அன்று மெதுவாகத்தான் பேசினாள்.

மாபொலோகோ அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டேயிருந்தாள். முதல் இரண்டு நாள் மூன்று வார்த்தை வந்தது. பிறகு இரண்டு. "ஓடை ஓரம்..." என்று ஒரு நாள் ஆரம்பித்தார். மிச்சம் வரவில்லை. அவளே முடித்துப் பார்த்தாள்: ஓடை ஓரம் புல்லு நல்லாயிருக்கு. ஓடை ஓரம் ஜாக்கிரதை. எது என்று அவர் சொல்லவில்லை. எட்டாம் நாள் விடிந்த பிறகு, "தண்ணி," என்றார். அவள் எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

மாடு அறுத்து, ஊர் கூடிப் பாடி, மலைச்சரிவில் அடக்கம் செய்தார்கள். மாபொலோகோ கறுப்பு உடுத்தினாள். பொலோகோ இரண்டு வாரம் இருந்துவிட்டுத் தலைநகரில் தையல் ஆலை வேலைக்குத் திரும்பினாள். குழி வெட்டும்போது மொகேத்தே பாதியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் இருமியதை எல்லாரும் பார்த்தார்கள். செப்டம்பரில் பீச் மரங்கள் பூத்தபோது கெனெவே மறுபடி மலையேறி வந்தாள், மொகேத்தேயைப் பார்க்க. போகிற வழியில் மாபொலோகோ வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றாள் மாபொலோகோ. "மார்ச்சு மாசம் ஒம்பது நாள் நான் அவரைக் கூட்டிக்கிட்டுப் போகலை. கோவத்துல இருந்தேன். அந்த ஒம்பது நாளும் நடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?"

"இல்லம்மா. அவர் நெஞ்சுக்குள்ள இருந்தது கல்லு. நீங்க நூறு வருஷம் நடந்தாலும் அது கரைஞ்சிருக்காது."

"உங்க காகிதத்துல அப்படி எழுதலையே."

"எழுதலை," என்று ஒத்துக்கொண்டாள் கெனெவே. கோப்பையைக் கீழே வைத்தாள். "எழுதினா யாரும் நடக்க மாட்டாங்க."

கெனெவே மொகேத்தேவுக்குக் குதிரையை எழுதவில்லை. அவரிடம் குதிரையும் கிடையாது, வெட்கமும் கிடையாது. பார்க்கிறவர்களோடு வாயாடிக்கொண்டே வீடு வீடாக நடப்பதுதான் அவருக்கான பயிற்சி.

அப்படி நடந்து ஒரு நாள் அவர் மாபொலோகோவின் வாசலுக்கு வந்தபோது அவள் நேராகக் கேட்டாள்.

"அண்ணா, ஆக்னெஸை உங்களுக்குத் தெரியும்தானே?"

மொகேத்தே முகம் மாறியது. எதையோ சொல்லித் தப்பிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"சண்டை போடக் கேக்கலை. அவர் செத்துட்டாருன்னு அவளுக்குச் சொல்லணும். உசிரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம ஒருத்தி உக்காந்திருந்தா அது நல்லதில்லை. நான் அப்படி உக்காந்திருந்தவ. எனக்குத் தெரியும்."

நம்பர் கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. மொகேத்தேயின் மருமகன் அந்தப் பக்கம் வேலையில் இருந்தான். கைப்பேசிக்கு அலை கிடைக்கிற இடம் ஆலய முற்றம்தான். மொகேத்தே அங்கே நின்று நம்பரைப் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போனார். எதிர்முனையில் ஒரு பெண் குரல்.

"ஆக்னெஸ் இருக்காங்களா?"

"நீங்க யாரு?"

"லெசோத்தோவுல இருந்து பேசறேன். லெபோனான்னு ஒருத்தர் வீட்டுல இருந்து."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் சொன்னது: "நான் அவ தங்கச்சி. அக்கா போய் நாலு வருஷமாச்சும்மா. அதே காசநோய்தான். அந்த மனுஷன் காணாமப் போன மறு வருஷமே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அவரு எப்படி இருக்காரு? கடைசி வரைக்கும், பாறை சரிஞ்சு செத்திருப்பாரு, இல்லேன்னா சொல்லாம போற ஆளில்லைன்னுதான் அக்கா சொல்லிக்கிட்டிருந்தா."

மாபொலோகோ வாயைத் திறந்தாள். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை.

"அவரும் போயிட்டாரு," என்றாள்.

எப்போது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. ஆண்டவர் இளைப்பாற்றட்டும் என்றது குரல். இருவரையும் என்றாள் மாபொலோகோ. பேச்சு அறுந்தது.

"என்ன சொன்னா?" என்று மொகேத்தே தூரத்திலிருந்தே கேட்டார்.

"அவ இல்லையாம், அண்ணா."

கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டு ஆலயச் சுவரோரம் உட்கார்ந்தாள். அடக்கத்தன்று வராத அழுகை இப்போது வந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. மொகேத்தே கொஞ்சம் தள்ளி, அவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கீழே யாரோ முதல் உழவு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மாட்டை அதட்டும் குரல் விட்டு விட்டு மேலே வந்தது.